பிசிஆரில் பட்டை வந்தது, வேர் வரவில்லை: பாப்லர் தளிர்களை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: வட இந்தியாவில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். 717-1பி4 என்ற பாப்லர் குளோனின் இலைத்துண்டுகளில் அக்ரோபாக்டீரியம் (தாவர செல்லுக்குள் மரபணுவைக் கடத்தும் பாக்டீரியா) மூலம் ஒரு மரபணுவைச் செலுத்தினேன். 14 துண்டுகளிலிருந்து 36 தளிர்கள் கிடைத்தன. கேனமைசின் (மரபணு சேராத செல்களை வாடச் செய்யும் ஆன்டிபயாடிக்) உள்ள ஊடகத்திலும் எல்லாம் பச்சையாக இருந்தன; பிசிஆரில் (தேடும் டிஎன்ஏ துண்டைப் பல மடங்காக்கிப் பட்டையாகக் காட்டும் சோதனை) 36-க்கும் பட்டை வந்தது. ஆனால் வேர்விடும் ஊடகத்துக்கு மாற்றியதும் 9 மட்டுமே வேர்விட்டன. சில குப்பிகளில் அடித்தண்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கசிகிறது. 36 தனித்தனி மரபணு மாற்றத் தாவரங்கள் என்று பதிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த 9-ஐக்கூட இன்னும் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. பல மாத உழைப்பு என்பது தெரியும். இருந்தாலும் இப்போதே சரிபார்த்துவிட்டால் அடுத்த இரண்டு வருடம் வீணாகாது.

முதலில் அந்த வெள்ளைக் கசிவு. குப்பியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, தண்டு அகாரில் இறங்கும் இடத்தைக் கீழிருந்து பாருங்கள். கஞ்சித் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு மங்கல் வளையம் தெரிந்தால் அது பெரும்பாலும் உங்கள் அக்ரோபாக்டீரியம்தான். நீங்கள் அதைக் கொல்லவில்லை, அடக்கி மட்டும் வைத்திருக்கிறீர்கள். அதற்காக ஊடகத்தில் சேர்க்கும் செஃபோடாக்சிம், டிமென்டின் இரண்டுமே பாக்டீரியா புதிதாகச் செல்சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்துகள். பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியா சாகும். இலையின் செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் பெருகாமல் பதுங்கியிருப்பது தப்பிவிடும். ஊடகத்தில் மருந்தின் வீரியமும் நாள்போக்கில் குறையும். மாதக்கணக்கில் மாற்றாமல் விட்ட குப்பியில் மருந்து இருப்பதாக நினைக்காதீர்கள்.

உங்கள் பிசிஆர் முடிவைக் குழப்பியதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் தேடிய மரபணு பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டிலும் (அதன் செல்லில் தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) இருக்கிறது. இலையை அரைத்து டிஎன்ஏ எடுக்கும்போது அதுவும் கூடவே வரும். பிசிஆருக்கு மிகச் சிறிய அளவே போதும் என்பதால் பட்டை விழுந்துவிடும், தளிரின் செல்லில் எதுவும் நுழையாவிட்டாலும்.

புகையிலையிலோ அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியிலோ இது இவ்வளவு பெரிய தொல்லையில்லை. விதை எடுத்து அடுத்த தலைமுறைக்குப் போய்விடலாம்; பாக்டீரியா பெரும்பாலும் பின்தங்கிவிடும், மாறிய செல்லும் மாறாத செல்லும் கலந்த திசுக்களும் பிரிந்துவிடும். பாப்லர் பூக்கவே பல வருடமாகும். அதுவும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தன் மகரந்தச் சேர்க்கைக்கு வழியில்லை. முதலில் கிடைத்த அதே செடியைத் தண்டு வெட்டி வெட்டித்தான் பெருக்குகிறோம். அதனால் முதல் தளிரில் ஒளிந்திருந்த பாக்டீரியா நூறாவது செடி வரை கூடவே வரும். 1987-இல் முதன்முதலாக ஒரு பாப்லர் கலப்பினத்தில் களைக்கொல்லி எதிர்ப்பு மரபணுவைச் செலுத்தியதும் இதே பாக்டீரியா வழியாகத்தான். மரங்களில் வேலை செய்யும் நம் எல்லோருக்கும் அன்றிலிருந்து கூட வரும் தலைவலி இது.

அப்படியென்றால் வேர்விடாத 27 ஏன் பச்சையாக இருந்தன? கேனமைசினைச் செயலிழக்கச் செய்யும் மரபணு உண்மையிலேயே நுழைந்த செல்கள் தளிர் முளைத்த கேலஸில் (வடிவமற்ற செல் திரளில்) எங்கோ இருந்திருக்கும். அவை தம்மைச் சுற்றியுள்ள மருந்தின் தாக்கத்தைக் குறைக்க, பக்கத்து செல்கள் அந்த நிழலில் தளிர்விடும். தவிர, கேலஸின் மேலே நிற்கும் தளிர் ஊடகத்தைத் தொடுவதே இல்லை. வேர்விடும் கட்டத்தில் அந்த நிழல் போய்விடுகிறது: வெட்டிய தண்டு நேரடியாகக் கேனமைசினில் இறங்குகிறது. அதனால்தான் என் ஆய்வகத்தில் வேரைப் பார்க்காமல் எந்தத் தளிருக்கும் எண் கொடுப்பதில்லை. ஆரம்ப காலத்தில் நானும் பச்சையை நம்பி எண் கொடுத்தேன்; ஒரு பருவம் முழுக்க வளர்த்தவற்றில் பாதி வெறும் சாதாரணச் செடிகள்.

இனி செய்ய வேண்டியது. 36-இலிருந்தும் நுனியை மட்டும் ஒரு சென்டிமீட்டர் வெட்டுங்கள். கேலஸ் ஒட்டியிருக்கக் கூடாது. ஊடகத்தைத் தொட்ட பகுதியும் வரக் கூடாது. அரை வலிமை எம்எஸ் ஊடகம் (திசு வளர்ப்புக்கான சத்துக் கலவை), 0.5 மைக்ரோமோலார் ஐபிஏ (வேர்விடத் தூண்டும் ஹார்மோன்), லிட்டருக்கு 25 மி.கி. கேனமைசின், 200 மி.கி. டிமென்டின் கலந்து நடுங்கள். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமி நீக்கிய ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே மருந்துகளைச் சேருங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை நுனியை வெட்டிப் புதுக் குப்பிக்கு மாற்றுங்கள். மூன்று சுற்று முடிந்ததும் எந்த மருந்தும் இல்லாத ஊடகத்தில் மூன்று வாரம் வையுங்கள். பலரும் தவிர்க்கும் கட்டம் இது. பாக்டீரியா இருந்தால் இங்கேதான் வெளிப்படும். தண்டின் ஒரு துண்டை நசுக்கி எல்பி தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் ஊடகத் தட்டில்) தேய்த்து 28 டிகிரியில் மூன்று நாள் விட்டும் பாருங்கள்.

சாதாரண 717 தளிர்கள் சிலவற்றையும் அதே கேனமைசினில் கட்டாயம் நடுங்கள். அவை ஒன்றுகூட வேர்விடக் கூடாது. வேர்விட்டால் உங்கள் மருந்தின் அளவே போதவில்லை என்று பொருள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிசிஆரில் மூன்று ஜோடி பிரைமர் (எந்த மரபணுவைத் தேட வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) வையுங்கள். ஒன்று நீங்கள் செலுத்திய மரபணுவுக்கு. இன்னொன்று பாப்லரின் சொந்த மரபணு ஒன்றுக்கு, டிஎன்ஏ நன்றாக வந்ததா என்று அறிய. மூன்றாவது விர்ஜி போல பாக்டீரியாவிடம் மட்டுமே உள்ள மரபணுவுக்கு. இங்கே ஒரு நுணுக்கம்: மூன்றாவதற்குப் பலர் பைனரி பிளாஸ்மிட்டின் (செலுத்தும் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்) முதுகெலும்புப் பகுதியை, அதாவது செடிக்குள் போகக் கூடாத மீதிப் பகுதியை, தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் டி-டிஎன்ஏ (செடிக்குக் கடத்தப்படும் பகுதி) எல்லையைத் தாண்டி அந்தப் பகுதியும் சில நேரம் செடியின் குரோமோசோமில் சேர்ந்துவிடுவதுண்டு. அப்போது சுத்தமான செடியையும் அழுக்கென்று தள்ளிவிடுவீர்கள். விர் மரபணுக்கள் வேறொரு பிளாஸ்மிட்டில் இருப்பதால் அந்தக் குழப்பம் குறைவு. முதல் இரண்டு பட்டைகள் வந்து மூன்றாவது வராத தளிரை மட்டும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, எண்ணிக்கை. ஒரே இலைத்துண்டிலிருந்து வந்த இரண்டு தளிர்கள் ஒரே செல்லின் பிள்ளைகளாக இருக்கலாம். சதர்ன் பிளாட் (ஒவ்வொரு செடியிலும் மரபணு சேர்ந்த விதத்தைப் பிரித்துக் காட்டும் டிஎன்ஏ சோதனை) செய்யும் வரை ஒரு துண்டுக்கு ஒன்று என்றுதான் கணக்கு. ஆக, உங்கள் உச்சவரம்பு 36 அல்ல, 14. வேர்விட்ட 9-உம் எந்தெந்தத் துண்டிலிருந்து வந்தன என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் சதர்ன் பிளாட் தவிர வேறு வழியில்லை.

அடுத்த முறை தொடங்கும்போது இணைவளர்ப்பை (இலைத்துண்டையும் பாக்டீரியாவையும் சேர்த்து வைப்பதை) இரண்டு நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். கழுவும் தண்ணீர் தெளியும் வரை கழுவி, கிருமி நீக்கிய வடிதாளில் இலைத்துண்டை நன்றாக ஒற்றியெடுங்கள். சோதனை மரபணுவாகக் கஸ் (வேலை செய்யும் செல்லை நீலமாகக் காட்டும் மரபணு) வைப்பதானால் இன்ட்ரான் (புரதம் உருவாகும் முன் வெட்டி நீக்கப்பட வேண்டிய இடைப்பகுதி) உள்ளதை வாங்குங்கள். பாக்டீரியாவால் இன்ட்ரானை நீக்க முடியாது. நீலம் தெரிந்தால் அது செடியின் நீலம்தான்.

கசிவுள்ள குப்பி எதையும் பசுமைக்குடிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மாற்றப்பட்ட பிளாஸ்மிட் சுமக்கும் பாக்டீரியா தொட்டி மண்ணில் இறங்கினால், மரபணு மாற்ற உயிரிகளுக்கான இந்தியாவின் 1989 விதிகளின்படி உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குப்பிகளை மூடி திறக்காமல் ஆட்டோகிளேவில் போடுங்கள். அதற்கு முன் அவற்றிலிருந்து நுனி எடுப்பதானால், மற்றவை எல்லாம் முடிந்தபின், அன்றைய கடைசி வேலையாக எடுங்கள்.