"கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயர் ஏன் வசையானது?

1794இல் சென்னையில் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்று இருப்பது கீழ்ப்பாக்கத்தில்தான். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கிண்டல் அங்கிருந்து வந்தது. அதை ஊரெங்கும் கொண்டுபோனது சினிமா நகைச்சுவை. படங்களில் நோயாளியைக் கட்டிப்போட்டு, அவர் துடிக்கத் துடிக்க ஷாக் கொடுப்பார்கள். உண்மையில் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அந்தச் சிகிச்சை செய்வதையே 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது. சங்கிலியால் கட்டுவதற்கும் தடைதான்.

சங்கிலி என்றதும் ஏர்வாடியை எப்படி மறப்பது? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குள் இந்தக் கிண்டல் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் அத்தை தன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பார். யாராவது கேட்டால் "சுகர் மாத்திரை" என்பார். மகள் கல்யாணம் முடியும்வரை டாக்டரிடமே போகவில்லை. அந்த இரண்டு வருடத்தில் நோய் முற்றிவிட்டது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மறைக்கிறார்களா? 14416க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.