நாடகமே பள்ளிக்கூடம்

கேள்வி: நாடக நடிகர் அவ்வை தி.க. சண்முகம் எங்கே படித்தார்?

பதில்: 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த சண்முகம், ஆறு வயதிலேயே, 1918-இல், மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் அண்ணன்மாருடன் சேர்க்கப்பட்டுவிட்டதால், அவருக்கு வாய்த்த கல்வியெல்லாம் பாலர் நாடகக் குழுவிலேயே கிடைத்தது. தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடத்தில் பெயர்பெற்ற நடிகர்தாம். அங்கே பாட்டும் வசனமும்தான் பாடம். உச்சரிப்பு பிசகினால் சுவாமிகள் பொறுக்கமாட்டார்.

அச்சிறுவனுக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை, நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய அளவில், பாடல்களும் உரையாடலுமாக, அடித்தல் திருத்தலின்றி ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே ‘எனது நாடக வாழ்க்கை’யில் பதிவுசெய்திருக்கிறார், இப்படியொரு ஆசிரியர் எந்த மாணவனுக்கு எளிதில் வாய்ப்பார்! சுவாமிகள் 1922-இல் மறைந்தார். 1925-இல் சகோதரர்கள் நால்வரும் சொந்தக் குழுவைத் தொடங்கியபோது சண்முகத்துக்கு வயது ஏறக்குறைய பதின்மூன்று.