நீக்கப்படும் காணொளிகளும் கருத்துச் சுதந்திரமும்

கேள்வி: நியூசிலாந்துப் பள்ளிவாசல் படுகொலைக் காணொளியைச் சமூக ஊடகங்கள் நீக்கியதை எல்லோரும் வரவேற்றார்கள். தீவிரவாதம் என்று ஒரு நிறுவனம் கருதும் எதையும் அது நீக்கிவிடலாம் என்று இதற்குப் பொருளாகாதா?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஆகாது. ஆனால் தங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், தன் தாக்குதலை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்றும், முதல் புகார் வந்ததே நேரலை முடிந்து 12 நிமிடங்களுக்குப் பிறகுதான் என்றும் அந்நிறுவனம் பின்னர் தெரிவித்தது. அடுத்த 24 மணி நேரத்தில் அது நீக்கிய படிகள் 15 லட்சம். அவற்றுள் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டன. காணொளிகளின் அடையாளக் குறிகளை ஒப்பிட்டுத் தடுக்கும் கருவியை ஏமாற்றுவதற்கென்றே பலர் அந்தக் காணொளியை வெட்டியும் மாற்றியும் மீண்டும் மீண்டும் ஏற்றினார்கள். உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கொலையாளி திட்டமிட்டு எடுத்த அந்தக் காட்சியைப் பரப்புவது அவனுடைய குற்றத்துக்குத் துணைபோவதே அன்றிக் கருத்துரைப்பது ஆகாது. அதை நீக்கியதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

தயக்கம் வேறோர் இடத்தில் எழுகிறது. தீவிரவாதக் காணொளிகளைக் கண்டறிய 2017இல் யூடியூப் புதிய தானியங்கி முறையைக் கொண்டுவந்தபோது, சிரியப் போரின் கொடுமைகளை அந்நாட்டு மக்களும் செய்தியாளர்களும் உயிரைப் பணயம் வைத்துப் பதிவு செய்திருந்த ஏராளமான காணொளிகளும் சேர்ந்தே மறைந்தன. கொலையைக் கொண்டாடுபவர் யார், அதற்குச் சாட்சி சொல்பவர் யார் என்று பிரித்தறிய அந்த முறைக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லிக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த கைதாணை, சமூக ஊடகங்களில் வெளிவந்த கொலைக் காணொளிகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டிருந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே, பொதுப் பார்வையிலிருந்து அகற்றுவது ஒன்று, அடியோடு அழிப்பது மற்றொன்று. அகற்றும் நிறுவனம், பதிவிட்டவருக்குக் காரணத்தைத் தெரிவித்து, மேல்முறையீட்டை ஒரு மனிதரைக் கொண்டு பரிசீலிக்க வேண்டும்; அகற்றியதைப் பாதுகாத்தும் வைக்க வேண்டும். காட்சியாக இல்லாமல் கருத்தாக வருபவற்றுக்கு, இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம் வகுத்த வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்ளலாம்: ஒன்றை விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும், அது எவ்வளவு வெறுக்கத்தக்கதாக இருப்பினும், உரிமைக்குள் அடங்கும்; தூண்டிவிடும் நிலையை எட்டும்போதுதான் சட்டம் தலையிடலாம்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று அரசே சட்டம் இயற்றினால் சிக்கல் தீர்ந்துவிடாதா?
- வாசகர், சேலம்

பதில்: பிரான்ஸ் முயன்று பார்த்தது. அதிகாரிகள் சுட்டிக்காட்டும் பயங்கரவாதப் பதிவுகளை ஒரு மணி நேரத்திலும் வெறுப்புப் பதிவுகளை 24 மணி நேரத்திலும் நீக்கச் சொன்ன விதிகளை, அந்நாட்டு அரசமைப்பு மன்றம் 2020 ஜூன் 18 அன்று செல்லாதவை என அறிவித்தது. நீதிபதி தலையிட இடமில்லாமல் கடும் தண்டத்தை மட்டும் காட்டி நெருக்கினால், சட்டப்படி சரியான பதிவுகளையும் நிறுவனங்கள் நீக்கிவிடும் என்பதே சிக்கல். 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் ஒரு மணி நேரக் கெடுவையே விதிக்கிறது. எனினும் செய்தி, கல்வி, கலை, ஆய்வு ஆகிய நோக்கங்களுக்காக வெளியிடப்படுபவற்றுக்கு விலக்களித்து, நீக்கியவற்றை ஆறு மாதம் பாதுகாக்கவும் சொல்வதால் அது மேலானது. அந்த ஆறு மாதம் போதாது என்பது என் கருத்து. ஒரு காணொளி போர்க்குற்ற வழக்கில் சாட்சியமாகும் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும்.