சிறிய லேத்துக்கு முதல் வெட்டுக் கருவிகள்

சிறிய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வாங்கிய கையோடு, முனையில் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளைப் பற்றவைத்த மலிவான கருவிப் பெட்டியையும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவை பெரும்பாலும் சரியாகத் தீட்டப்படாமலே வரும். தீட்டுவதற்குப் பச்சை சிலிக்கன் கார்பைடு சக்கரமோ வைரச் சக்கரமோ வேண்டும்.

கருவிப் பிடிப்பானுக்குப் பொருந்தும் சதுர எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்னும் கருவி எஃகு) துண்டுகள் இரண்டு மூன்று, அவற்றைத் தீட்ட ஒரு சாதாரண சாணை கிரைண்டர் போதும். முன்பக்கமும் பக்கவாட்டிலும் 8 முதல் 10 டிகிரி சரிவு கொடுத்து, முனையை எண்ணெய்க் கல்லில் மிக லேசாக வட்டமாக்கிவிடுங்கள். சூடேறினால் தண்ணீரில் நனைக்கலாம்.

எந்தக் கருவியானாலும் அதன் முனை சுழல்மைய உயரத்தில், அதாவது உலோகத் துண்டு சுழலும் அச்சின் உயரத்தில், நிற்க வேண்டும். மேலே போனால் வெட்டாமல் உரசும். உலோகத் துண்டின் முகப்பைத் தட்டையாக வெட்டும்போது நடுவில் சிறு மொட்டு மீந்தால் உயரம் தவறு. முனை தாழ்ந்திருந்தால் அடியில் மெல்லிய தகடு வையுங்கள். வேலை முடிந்த பகுதியை அறுத்துத் துண்டிக்கும் பிளேடுக்கு இப்போது அவசரமில்லை. கார்பைடு ஆசை விடாவிட்டால், அலுமினியத்துக்கென விற்கும் கூரிய சி.சி.ஜி.டி. வகை இன்செர்ட்டுகளை (பிடிப்பானில் மாற்றி மாட்டும் கார்பைடு முனைகள்) பாருங்கள், குறைந்த விசையில் வெட்டும்.