அமெரிக்காவில் உயிருள்ள தவளையைத் தபாலில் அனுப்ப முடியுமா?

முடியும். அமெரிக்கத் தபால் துறை பாம்பு, ஆமையை வாங்காது. தவளை, தேரை, தலைப்பிரட்டை, சாலமாண்டர் (பல்லி போல இருக்கும் நீர்நில வாழ்வி) போகும். ஆனால் பூஞ்சை நோய்க்குப் பயந்து 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் செய்யும் தப்பு, டப்பாவில் தண்ணீர் ஊற்றுவது. வளர்ந்த தவளை தோல் வழியாகவே ஈரத்தை உறிஞ்சும், மூச்சும் விடும். நனைத்துப் பிழிந்த பாசி போதும். டப்பாவுக்கு ஒரு தவளைதான். மூடியில் ஓட்டையை உள்ளிருந்து வெளியே குத்துங்கள். மாற்றிக் குத்தினால் பிசிறு தோலைக் கிழித்துவிடும். அப்புறம் தெர்மாகோல் பெட்டியில் ஆடாமல் அடக்குங்கள்.

குளிரைவிட வெயில்தான் எமன். அம்பு நச்சுத் தவளைகளுக்கு 30 டிகிரி செல்சியஸே ஆபத்து. இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள் (பட்டினியில் சாகாது). வெள்ளிக்கிழமை மட்டும் அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும்.