மூன்றாம் கிழமையில் ஜெல்லைக் கைவிட வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 18 வயது. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. இரண்டு வருடமாக நெற்றியிலும் கன்னத்திலும் பரு. தோல் டொக்டர் அடபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதித் தந்து, இரவில் மட்டும் பூசச் சொன்னார். இன்றோடு மூன்று கிழமை. முகம் செதில் செதிலாக உரிகிறது, வாயோரம் எரிகிறது, பரு குறையாமல் புதிதாகவும் நாலைந்து வந்துவிட்டது. அம்மா நிறுத்தச் சொல்கிறா. மாமி ஒரு சின்ன டப்பாவில் கிறீம் கொண்டுவந்து, "இதைப் பூசு, ஒரு கிழமையில் முகம் பளிச்சென்று வரும்" என்கிறா. டப்பாவில் பெயர்கூட இல்லை. ரியூசனுக்குப் போகவே வெட்கமாக இருக்கிறது. ஜெல்லை விட்டுவிடவா?
— ஒரு மாணவி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, ஜெல்லை விட வேண்டாம். இரண்டு மூன்று இரவு முகத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பூசுகிற விதத்தை மாற்றித் திரும்பத் தொடங்குங்கள். அந்த டப்பாவை மட்டும் முகத்துக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

நான் டொக்டர் இல்லை. பார்மசியில் மருந்தாளராகப் பல வருடம் நின்றவள், அதற்கு முன்பு உங்களைப் போலவே கண்ணாடியைப் பார்க்காமல் தலை இழுத்துக்கொண்டு வெளியே போனவள். 2011 இல் எனக்கு 22 வயது. மச்சாளின் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஓர் அழகு நிலையத்தில் லேபல் இல்லாத டப்பாவில் வெள்ளைக் கிறீம் தந்தார்கள். நாலே நாளில் பரு அமுங்கியது, முகம் வெளுத்தது, கலியாணப் படங்களில் நான் வடிவாகத்தான் இருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு நாள் பூசாமல் விட்டால் முகம் கொதிக்கும், பூசினால் அடங்கும், இப்படியே மூன்று மாதம் ஓடியது, கடைசியில் பூசினாலும் அடங்கவில்லை. கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன, நெற்றி முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள் கொட்டின, அடுப்படிக்குள் போனாலே முகம் பற்றி எரிந்தது. அம்மா என்னைத் தோல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனா. டொக்டர் அந்த டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "எத்தனை மாதம் பூசினீர்?" என்று மட்டும்தான் கேட்டார்.

அப்படிப்பட்ட டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீரொயிட், அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் கெதியாக அடக்குகிற மருந்து வகை. பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்றவை. சில தோல் நோய்களுக்கு டொக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவித்தால் அவை நல்ல மருந்துகள்தான். பருவுக்கும் நிறத்துக்கும் என்று மாதக் கணக்கில் முகத்தில் பூசினால் தோலை மெலிய வைக்கும், தாங்களே புதுப் பருவைக் கொண்டுவரும், நிறுத்தினால் முகம் பழிவாங்கும். வெளுப்பாக்குகிற கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பதும் உண்டு. பெயர் இல்லாத டப்பாவில் எது இருக்கிறது என்று தந்தவருக்கே தெரியாது. மாமி உங்கள் மேலுள்ள அன்பில்தான் தந்திருப்பா, அவவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அவவும் பூசுகிறா என்றால் இன்னும் கட்டாயமாகச் சொல்லுங்கள்.

சரி, ஜெல்லுக்கு வருவோம். தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்த் துவாரமும் உள்ளே பழைய தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். பரு வருகிற முகத்தில் அது வெளியே வராமல் எண்ணெயோடு சேர்ந்து ஒட்டி அடைத்துக்கொள்ளும். இன்றைக்கு நீங்கள் கண்ணாடியில் காண்கிற பரு, பல கிழமைகளுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அடைபட்டது. அடபலீனும் ட்ரெற்றினொயினும் விற்றமின் ஏ சார்ந்த ரெற்றினொயிட் வகை மருந்துகள். அவை வந்த பருவைக் காய வைப்பதற்காகத் தருகிறவை அல்ல, அந்த அடைப்பே உண்டாகாமல் தடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. ஏற்கெனவே உள்ளே கிடந்த அடைப்புகள் இந்த நேரத்தில் ஒன்றாக மேலே வரலாம். அதனால்தான் முதல் நாலு, ஆறு கிழமைகளில் முகம் மோசமாகத் தெரிகிறது. உங்களுக்கு இப்போது நடப்பதும் அநேகமாக அதுதான். ஆனால் முகம் வீங்கினால், கண்மடல் தடித்தால், நீர் கசிந்தால், அல்லது எரிவு தாங்க முடியாமல் இருந்தால் அது வேறு விசயம், உடனே நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

உரிவதும் எரிவதும் பெரும்பாலும் நாங்கள் பூசுகிற விதத்தால் கூடுகிறது. பிறகு நானும் இதே போன்ற ஜெல் பூசத் தொடங்கியபோது செய்த பிழைகளையே சொல்கிறேன். ஒவ்வொரு பருவின் மேலும் தடிப்பாக அப்பினேன், கூடப் பூசினால் கெதியாக மாறும் என்று நினைத்து. கழுவிய ஈரத்தோடு பூசினேன். அம்மம்மா சொன்னா என்று பகலில் தேசிக்காய்ப் புளியும் மஞ்சளும் வைத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை சவுக்காரம் போட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது, சவுக்காரம் லேசில் நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் தேய்ப்போம், தோல் அதற்கே காய்ந்துவிடும். இதெல்லாம் சேர்ந்துதான் என் முகத்தை உரித்தது, பழி ஜெல்லுக்குப் போனது.

இனி இப்படிச் செய்து பாருங்கள். இரவில் மென்மையான ஃபேஸ் வொஷ் ஒன்றால் ஒரு தடவை கழுவுங்கள், துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இருபது நிமிடம் விடுங்கள், ஒரு பாடத்தைப் புரட்டிப் பார்க்கப் போதுமான நேரம். வாயோரம், மூக்கோரம், கண்ணோரம் கொஞ்சம் வசலின் தடவுங்கள். பிறகு ஒரு கடலை அளவு ஜெல், முழு முகத்துக்கும் அவ்வளவுதான். நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, நாடி என்று ஐந்து பொட்டு வைத்துப் பரப்புங்கள், பரு இருக்கிற இடத்தில் மட்டும் அல்ல, வரக்கூடிய இடம் முழுக்க. அதன் மேல் மணம் இல்லாத சாதாரண மொய்ஸ்சரைசர். இன்னும் எரிந்தால் மொய்ஸ்சரைசரை முதலில் பூசி, பிறகு ஜெல், பிறகு திரும்ப மொய்ஸ்சரைசர். முதல் இரண்டு கிழமை மூன்று நாளைக்கு ஒரு தடவை, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், தோல் பழகியபின் ஒவ்வொரு இரவும். எங்கள் நிறத் தோலுக்கு இந்த நிதானம் இன்னும் அவசியம், ஏனென்றால் எரிந்து சிவந்த இடமெல்லாம் எங்களுக்குக் கறுப்பு அடையாளமாகத் தங்கிவிடும், பரு போனாலும் அது லேசில் போகாது.

எனக்கு எப்படிப் போனது என்றால், முதல் கிழமை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் கிழமை வாயோரம் எரிந்தது, சம்பல் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் கிழமை நாடி உரிந்தது. ஐந்தாம் கிழமைதான் மிகவும் மோசம், நல்லூர்த் திருவிழாக் காலம், கோயில் வீதியில் தெரிந்தவர் எல்லாரும் "என்ன பிள்ளை முகத்துக்கு?" என்று கேட்டார்கள், இரண்டு நாள் அழுதேன், ட்யூபைக் குப்பைக்குள் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தேன். ஒன்பதாம் கிழமை புதுப் பரு வருவது நின்றது. மாற்றத்தை முதலில் கண்டது கண்ணாடியில் இல்லை, கிணற்றடியில் முகம் கழுவும்போது கைக்குத்தான் தெரிந்தது, ரவை கொட்டினது போல இருந்த நெற்றி வழுவழுவென்று இருந்தது. அந்தக் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கறுப்பு அடையாளங்கள் மங்க அதற்கு மேல் எட்டு மாதம் எடுத்தது. ஆகவே 12 கிழமைக்கு முன் இந்த மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 12 கிழமை ஒழுங்காகப் பூசியும் குறையவில்லை என்றால் டொக்டரிடம் திரும்பப் போங்கள், வேறு வழிகள் இருக்கின்றன.

அம்மாவின் பயத்துக்கு ஒரு பதில்: இது நேற்று வந்த மருந்து இல்லை. ட்ரெற்றினொயினைப் பருவுக்கு அமெரிக்காவில் 1971 இல் அனுமதித்தார்கள், அடபலீனை 1996 இல். 2016 முதல் உங்கள் கையில் இருக்கிற அதே 0.1 சதவீத ஜெல்லை அங்கே டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கலாம். இங்கே நீங்கள் டொக்டரிடம் காட்டித்தான் தொடங்கியிருக்கிறீர்கள், அது இன்னும் நல்லது.

பகலில் சன்ஸ்கிறீன் பூசுங்கள், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். சைக்கிளில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு மத்தியான வெயிலில் தொப்பியும் வேண்டும். முழுகுகிற நாளில் தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பாருங்கள், இரவில் எண்ணெய்த் தலையோடு படுக்க வேண்டாம். முகத்தில் வக்ஸ் செய்ய வேண்டாம், தோல் சேர்ந்து கழன்று வரும். ரியூசனில் யாராவது கேட்டால் "மருந்து பூசுகிறேன்" என்று சொல்லுங்கள், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு 27 வயது. கலியாணமாகி ஆறு மாதம். ஒரு வருடமாக ட்ரெற்றினொயின் 0.025 சதவீதம் பூசுகிறேன், முகம் நன்றாகத் தெளிந்துவிட்டது. இப்போது பிள்ளைக்கு யோசிக்கிறோம். தோலில்தானே பூசுகிறேன், தொடரலாமா?
— ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: நிறுத்துங்கள், இன்றிரவே. தோலில் பூசுகிற ட்ரெற்றினொயின் இரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு, ஆனாலும் கர்ப்ப காலத்தில் இந்த வகை மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வதுதான் வழமை, பிள்ளைக்கு முயற்சி செய்யும்போதே விட்டுவிடுவது பாதுகாப்பு. ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால் பயந்து நடுங்க வேண்டாம், ட்யூபோடு டொக்டரிடம் போய் எப்போது கடைசியாகப் பூசினீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள்.

இதே மருந்துக் குடும்பத்தில் வாயால் விழுங்குகிற ஐசோட்ரெற்றினொயின் குளிசை இருக்கிறதே, அது வேறு கதை. வயிற்றில் உள்ள பிள்ளைக்குப் பாரதூரமான ஊனத்தை உண்டாக்கக் கூடியது, அதை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது, நிறுத்தி ஒரு மாதம் போகும்வரை பொறுக்க வேண்டும். ஒரு தோழியின் மிச்சக் குளிசையை இன்னொருத்தி வாங்கி விழுங்குவதைப் பார்மசியில் நின்றபோது கண்டிருக்கிறேன், அதனால்தான் கேட்காததையும் எழுதுகிறேன். பரு திரும்ப வந்தால், பருவுக்குப் பூசுகிற இன்னொரு மருந்தான அசெலாயிக் அசிட் பற்றி டொக்டரிடம் கேளுங்கள், கர்ப்ப காலத்தில் பொதுவாக அதைத்தான் தெரிவு செய்வார்கள்.

கேள்வி: அக்கா, நான் மேசன் வேலை, 21 வயது. காலையில் பென்சொயில் பெரொக்சைட், இரவில் ட்ரெற்றினொயின் என்று டொக்டர் தந்தார். காலையில் நேரமில்லை, இரண்டையும் சேர்த்து இரவில் பூசுகிறேன். முகம் கறுத்துப் போகிறது, தலையணை உறையும் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. அம்மா பேசுகிறா.
— ஒரு தம்பி, பருத்தித்துறை

பதில்: தம்பி, டொக்டர் இரண்டையும் பிரித்துத் தந்ததற்குக் காரணம் இருக்கிறது. பென்சொயில் பெரொக்சைட் சாதாரண ட்ரெற்றினொயினைச் சிதைத்துவிடும், சேர்த்துப் பூசினால் ஒன்றின் பலன் போய் எரிவுதான் மிஞ்சும். அடபலீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதுவும் பென்சொயில் பெரொக்சைட்டும் ஒரே ட்யூபில் கலந்தே வருகிறது. காலையில் உண்மையாகவே முடியாது என்றால் டொக்டரிடம் அதைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள், நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

கறுப்பது எரிவாலும் வெயிலாலும். சாரத்தில் நின்று நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு ஒரு தடவை பூசிய சன்ஸ்கிறீன் வியர்வையோடு போய்விடும், மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது முகத்தைக் கழுவித் திரும்பப் பூசுங்கள், அகலமான தொப்பியும் போடுங்கள். சீமெந்துத் தூசிக் கையால் பருவைக் கிள்ள வேண்டாம். நாடியில் மட்டும் பரு கூடுதலாக இருந்தால் ஹெல்மெற் பட்டியைக் கழுவிப் பாருங்கள்.

உறை வெளுத்தது ட்ரெற்றினொயினால் இல்லை, பென்சொயில் பெரொக்சைட்டால், துணியின் சாயத்தை அது எடுத்துவிடும். துவாயும் சேட்டுக் கொலரும்கூட வெளுக்கும். வெள்ளை உறை இரண்டும் வெள்ளைத் துவாய் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.