வேளாங்கண்ணிக்குத் தனியாக – கடிதம்

அன்புள்ள அம்மா,

ஸ்பெயினின் வடகடற்கரையை ஒட்டிப் போகும் சந்தியாகோ யாத்திரைப் பாதையைத் தனியாக நடந்த ஒரு பெண்ணின் காணொளிகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அங்கே போக என்னிடம் பணமும் இல்லை, அவ்வளவு விடுப்பும் கிடைக்காது. நம் ஊரிலேயே அப்படியொரு வழி இருக்கிறதே என்று தோன்றியது. பெசன்ட் நகர் மாதா கோவிலிலிருந்து வேளாங்கண்ணி வரை ஆகஸ்ட் கடைசியில் தனியாக நடக்கப்போகிறேன். காவி உடுத்திக் கூட்டமாகப் போகிறவர்களோடு சேர விருப்பமில்லை. அவர்களுடைய ஒலிபெருக்கி எனக்கு ஒத்துவராது. எனக்கு மத நம்பிக்கையும் கிடையாது. நம்பாதவள் நடக்கலாமா என்று ஒரு தயக்கம் இருக்கிறது. தங்குமிடங்களை முன்பே பதிவு செய்துவிட்டு, தேவையானதை முதுகில் சுமந்துகொண்டு, யாரிடமும் எதுவும் வாங்காமல், யாருக்கும் தொந்தரவு தராமல், என் காலில் நானே நடந்து முடிக்க வேண்டும். என்னைப் பெற்ற அம்மா வேண்டாம் என்கிறார். ஒரு பெண் தனியாக நடப்பது பாதுகாப்பா? என்ன காலணி, எவ்வளவு எடை, எந்த வரைபடச் செயலி என்றும் சொல்ல முடியுமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

போய் வாருங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படிக்கும்போது நான் உங்களைத் தடுக்கிறேன் என்று தோன்றிவிடக் கூடாது.

காலணிக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஏற்கெனவே பழகியதைப் போடுங்கள். புதிதாக வாங்கியதோடு கிளம்பினால் மாமல்லபுரம் வருவதற்குள் குதிகால் கொப்பளித்துவிடும். பையைக் கட்டிச் சுமந்துகொண்டு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். சாயங்காலம் எதையெல்லாம் எடுத்து வெளியே போடத் தோன்றுகிறதோ அதெல்லாம் தேவையில்லாதது. செயலி எதுவாக இருந்தாலும் சரி.

நம்பாதவள் நடக்கலாமா என்றால், அந்த வழியில் உங்களிடம் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. காவி கட்டி ஜெபமாலை போட்டு நடப்பவர்களில் நெற்றியில் விபூதியோடு வருகிறவர்கள் எத்தனையோ பேர். வேளாங்கண்ணிக்கு முன்னால் நாகூர் வரும். அந்தத் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்தக் கரையில் உங்கள் தயக்கத்துக்கு எப்போதோ பதில் சொல்லியாகிவிட்டது.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தச் சாலையில் மனிதர்களுக்கு முன்னால் வண்டிகளுக்குப் பயப்பட வேண்டும். வெயிலுக்குப் பயந்து பாதயாத்திரைக்காரர்கள் இருட்டில் நடக்கிறார்கள். ஓட்டுகிறவருக்குத் தூக்கக் கலக்கம், நடக்கிறவருக்கும் தூக்கக் கலக்கம். அப்படித்தான் உயிர்கள் போகின்றன. நீங்கள் இருட்டில் நடக்காதீர்கள். கிழக்கு வெளுத்ததும் கிளம்புங்கள், வெயில் ஏறியதும் நிழலில் உட்காருங்கள், மறுபடி சாயங்காலம் நடங்கள், விளக்கு வைப்பதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பையில் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒட்டுங்கள். இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. காதை அடைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நடக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் இறங்கிப் போய்ப் பிடுங்கி எறியலாம் போல இருக்கிறது.

மனிதர்கள் விஷயத்தில், பைக் ஒன்று வேகத்தைக் குறைத்து உங்களோடு ஒட்டி வந்தால், பக்கத்தில் எந்த வீடு, எந்தக் கடை, எந்தக் கோவில் இருக்கிறதோ அங்கே நுழைந்து பெண்கள் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். இன்னொன்று. நீங்கள் முகம் சுளிக்கிறீர்களே, அந்த ஒலிபெருக்கி வண்டி, அதன் பின்னால் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ‘மரியே வாழ்க’ சொல்லி நடக்கும் கிழவிகள், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை அந்தச் சாலை ஒரு பெண் நடக்கக்கூடிய சாலையாக இருப்பது அவர்களால்தான். அவர்கள் வருடா வருடம் நடந்து நடந்து பழக்கப்படுத்தி வைத்த வழியில்தான் நீங்கள் தனியாக நடக்கப்போகிறீர்கள். அவர்களோடு சேர வேண்டாம். ஆனால் அவர்களை இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைக் குத்திய வரிக்கு வருகிறேன். யாரிடமும் எதுவும் வாங்காமல்.

அந்த வழியை நீங்கள் கடற்கரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 300 கிலோமீட்டருக்கு மேல் நீங்கள் மிதிக்கப்போவது தார்ச்சாலையைத்தான். புதுச்சேரி வரையாவது கடல் அவ்வப்போது மதில்களுக்கும் விடுதிகளுக்கும் நடுவே தலைகாட்டும். கடலூர் தாண்டியதும் சாலை உள்ளே ஒதுங்கி, சிதம்பரம், சீர்காழி என்று வயல்களுக்குள் போய்விடும். நிஜமாகவே கரையோடு, ஈர மணலில் நடந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் மறிக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் பாலாறு. பிறகு மரக்காணத்து உப்பங்கழி, கடலூரில் தென்பெண்ணையும் கெடிலமும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, பழையாற்றில் கொள்ளிடம், பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு. மழையில்லாத மாதங்களில் சில முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும், கால் நனைத்துக் கடந்துவிடலாம். வெள்ளாறும் கொள்ளிடமும் அப்படி விடாது. அங்கே கரையில் நின்று, எதிர்ப்பக்கம் வலை உதறிக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட வேண்டும். அவர் வருகிறவரை நிற்க வேண்டும். வராவிட்டாலும் நிற்க வேண்டும்.

கடற்கரை நடை என்றால் அதுதான். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஆற்றுவாயில் வந்து நின்றுவிடுவீர்கள். அதற்கு மேல் உங்கள் காலுக்கு வேலை இல்லை, வாய்க்குத்தான் வேலை. நீங்கள் காணொளியில் பார்த்த ஸ்பெயின் பாதையிலும் இதுதான் நடக்கிறது. லாரேடோவிலிருந்து சந்தோஞாவுக்கும், சோமோவிலிருந்து சந்தாந்தேருக்கும் யாத்திரிகர்கள் படகேறித்தான் போகிறார்கள். அந்தப் பெண் தனியாக நடந்தாள் என்கிறீர்கள். படகு ஓட்டியவரைக் காணொளியில் காட்டவில்லையா, அல்லது உங்கள் கண்ணில் படவில்லையா?

நம் நெடுஞ்சாலையில் எல்லா ஆற்றுக்கும் பாலம் இருக்கிறது. தெரியாமலே ஆற்றைக் கடந்துவிடுவோம். அதனால்தான் ‘யாரிடமும் எதுவும் வாங்காமல்’ என்று எழுத வருகிறது.

என் பெரியம்மா கடலூர்ப் பக்கத்திலிருந்து வருடந்தோறும் தனியாக வேளாங்கண்ணிக்கு நடந்தவர். நிலபுலன் உள்ள வீடு, வீட்டில் முருகன் படத்துக்குத்தான் விளக்கு. பெரியப்பா போன பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். நேர்ச்சை நடப்பது மட்டுமல்ல. சாப்பாட்டுக்குக் காசு கொண்டுபோகக் கூடாது, வழியில் முந்தானையை ஏந்திக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஒரு துணிப்பை, ஒரு சொம்பு, அவ்வளவுதான் மூட்டை. காலில் வெடிப்பு விட்டு ரத்தம் கசிந்ததைப் பற்றி அவர் பேசியதே இல்லை. முதல் வாசலில் நின்றபோது வாய் திறக்க வரவில்லை, தொண்டை கட்டிக்கொண்டது என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் படியளந்த கை. அந்தக் கையை நீட்டியது வலித்த அளவுக்கு, பூவராகன் கோவில் ஊரான ஸ்ரீமுஷ்ணம் வரை சுற்றி நடந்தால்கூட அவருக்கு வலித்திருக்காது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்குமோ தெரியாது, நீங்கள் சிறுபிள்ளையாக இருந்திருப்பீர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து வேளாங்கண்ணிக் கரையில் நின்றுகொண்டிருந்த யாத்திரிகர்களையும் கடல் கொண்டுபோயிற்று. அடுத்த ஆகஸ்டில் பெரியம்மா மறுபடி கிளம்பினார். தரங்கம்பாடிக்கு வடக்கே, தார்ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பு. வெயிலில் உள்ளே உட்கார முடியாமல் எல்லோரும் வெளியே உட்கார்ந்திருந்தார்களாம். அங்கே போய் ஒரு வாசலில் முந்தானையை ஏந்தியிருக்கிறார். அந்தப் பெண் எழுந்து போய்க் கஞ்சி கொண்டுவந்து ஊற்றி, தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் வைத்திருக்கிறாள். இவர் கருவாடு சாப்பிடமாட்டார். அன்றைக்குச் சாப்பிட்டார்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னதும் என் மாமா குதித்தார். “எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கிற சனங்ககிட்டப் போயா அக்கா கேக்கறது? உனக்கு மனசாட்சி வேணாம்?” பெரியம்மா அசரவில்லை. “வழியில எல்லா வாசல்லயும் கேட்டுட்டு, அவ வாசல்ல மட்டும் கேக்காமத் தாண்டிப் போனா, அவளை நான் என்னன்னு நினைச்சேன்னு அர்த்தம்?” என்றார். எட்டு மாதமாக வருகிறவன் போகிறவனெல்லாம் அவளிடம் எதையாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், பாய், வாளி, பழைய சேலை. அவளிடம் ஒன்றைக் கேட்டு வந்தவர் அநேகமாக இவர் ஒருவர்தான்.

நீங்கள் யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்கிறீர்கள். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரியும். ஆனால் உங்கள் தலைமுறையில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. தொந்தரவு தராமல் இருப்பதை மரியாதை என்று நினைக்கிறீர்கள். எதிரே இருப்பவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, கொடுக்க மனமும் இருக்காது என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டு அவர் வாசலைத் தாண்டிப் போகிறீர்கள். அதில் மரியாதை எங்கே இருக்கிறது? காசு கொடுத்து எல்லாவற்றையும் முன்பே வாங்கிவிட்டால் யாருக்கும் கடன்படாமல் நடந்துவிடலாம்தான். அப்படி நடப்பதற்கு அந்த ஊர் எதற்கு, அந்த மாதா எதற்கு?

அந்த மாதாவின் கதை தெரியுமா உங்களுக்கு? நம்பிக்கை இருக்கட்டும், கதையாகவே கேளுங்கள். பால் கொண்டுபோன ஒரு சிறுவன் குளத்தங்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறுகிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, என் பிள்ளைக்குப் பால் தருவாயா என்று கேட்கிறாள். பிறகு நடுத்திட்டு என்ற இடத்தில், மோர் விற்கும் ஒரு நொண்டிப் பையன். அவனிடமும் வந்து மோர் கேட்கிறாள். மூன்றாவது கதையில் புயலில் மாட்டிய போர்த்துகீசிய மாலுமிகள் அவளைக் கேட்கிறார்கள், கரை சேர்கிறார்கள். ஊரே கேட்பதில்தான் ஆரம்பிக்கிறது. 1962-ல் ரோமாபுரி அந்தக் கோவிலைப் பேராலயமாக உயர்த்தியது, இன்று அவளுக்கு என்னென்னவோ காணிக்கை வருகிறது. அவள் வந்தது வெறுங்கையோடு, ஒரு பையனிடம் பால் கேட்டு.

பூம்புகாரைத் தாண்டும்போது கண்ணகியை நினைத்துக்கொள்வீர்கள். அவளும் அங்கிருந்துதான் நடந்தாள். புருஷன் கூட இருந்தும் வழிக்குக் கவுந்தியடிகள் வேண்டியிருந்தது. மதுரை வந்ததும் கவுந்தி அவளை மாதரி என்ற ஆய்ச்சியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். அந்தப் பயணம் முழுக்க ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கையில் ஒப்படைக்கப்பட்டுக்கொண்டே போகிறாள்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இது. இரவுத் தங்கல் பதிவுகளை ரத்து செய்யாதீர்கள். தாழ்ப்பாள் போட்ட அறை உங்களுக்கு வேண்டும், அதில் விளையாட்டு வேண்டாம். பகல் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். யாத்திரை நாட்களில் வழியெங்கும் பந்தல் போட்டு நீர்மோரும் சோறும் கொடுப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகாமல் வரிசையில் நின்று கை நீட்டி வாங்கிச் சாப்பிடுங்கள். பந்தல் இல்லாத இடத்தில், திண்ணையில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வீடாகப் பார்த்துத் தண்ணீர் கேளுங்கள். எங்கிருந்து வருகிறாய், கல்யாணம் ஆயிற்றா, என்ன வேண்டுதல் என்று கேட்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடமும் அனுமதி என்று போய் நிற்காமல், முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டித் தரும்படி கேளுங்கள். அவர் வேண்டாம் என்பதில் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

கடலூருக்குத் தெற்கே ஒரே ஒரு இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள். பரங்கிப்பேட்டை. சாலை வழியாகவே சிதம்பரம் போய்விடலாம்தான், போகாதீர்கள். காலை வெளிச்சத்தில் வெள்ளாற்றுக் கரைக்குப் போங்கள், படகுகள் நிற்கும். தெற்கே கிள்ளைப் பக்கம் இறக்கிவிட முடியுமா என்று வலை பிரிக்கிற பெண்களிடம் முதலில் கேளுங்கள், அவர்கள் ஆள் சொல்வார்கள். உடனே கிளம்பமாட்டார்கள். மீன் ஏலம் முடியட்டும் என்பார்கள், பக்கத்து வீட்டுப் பையன் வரட்டும் என்பார்கள். மணலில் உட்கார்ந்திருங்கள். அக்கரையில் இறங்கியதும் படகுக்காரர் காசு கேட்டால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் அவர் கையில் திணிக்காதீர்கள்.

அன்புடன்.